செயலாளர் மாமா

டிசம்பர் நெருங்க நெருங்க, செயலாளர் மாமாவுக்குப் பெண்கள் மேல் மரியாதை பொங்கும். மயிலாப்பூர்ப் பக்கம் ஏதோ ஒரு சபா என்று வைத்துக்கொள்ளுங்கள். "லேடீஸ் இல்லாம இந்த சபாவே இல்லை" என்பார். நிஜம்தான். குத்துவிளக்கேற்ற, இறைவணக்கம் பாட, பொன்னாடைத் தட்டு ஏந்திவர எல்லாவற்றுக்கும் லேடீஸ். கமிட்டியில்கூட ஒரு மாமி உண்டு. கேன்டீன் கூப்பன் பார்த்துக்கொள்கிறார்.

மடக்கினால் எம்.எஸ். சுப்புலட்சுமியை எடுத்து வீசுவார்: "1968-லயே சங்கீத கலாநிதி கொடுத்தாச்சே!" அந்த விருதைத் தரும் மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-இல். முதல் பெண்ணுக்கு 40 வருஷமா என்றால், "சங்கீதத்துல அவசரம் கூடாது" என்று தாளம் போடுவார்.

கடம் சுகன்யா ராம்கோபாலோடு சேர்ந்து வாசிக்க மிருதங்கக்காரர்கள் சிலர் மறுத்தது ஊரறிந்த கதை. மாமா அதற்கும் பங்கு கேட்பார். "அந்த வைராக்கியத்துலதானே முன்னுக்கு வந்தா? எல்லாரும் ஒத்துண்டிருந்தா வந்திருப்பாளா?"

2018-இல் மீ டூ புகார்கள் வெடித்து, அகாடமி ஏழு கலைஞர்களை சீசனிலிருந்து நீக்கியதே, அந்த வாரம் முழுக்க மாமா சபா ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். பத்துப் பேர் வேலை பார்த்தால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதற்குத் தலைவர் ஒரு பெண். "நாம ஒன்பதுதான்!" வாட்ச்மேன்? "கான்ட்ராக்ட்." பெருக்க வரும் அம்மா? "அவ ஆத்து மனுஷி மாதிரி." இருவரையும் சட்டம் எண்ணிக்கொள்ளும். மாமா எண்ணமாட்டார்.

போன வருஷம் மிருதங்கம் வாசிக்கிற பெண்ணொருத்தி மார்கழியில் வாய்ப்புக் கேட்டு வந்தாள். பயோடேட்டாவைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "பேஷ்! ஆனா பாடற வித்வானுக்கு சௌகரியப்படணுமேம்மா."

"பாடறவங்களும் லேடீஸா இருந்தா, மாமா?"

"அப்போ அது கச்சேரி இல்லை, ஸ்பெஷல் புரோகிராம். மார்ச் 8 இருக்கே!"

அழைப்பிதழும் அச்சாகி வந்தது. தலைமை: சபாத் தலைவர். 'பெண்மையைப் போற்றுவோம்' சிறப்புரை: செயலாளர். நன்றியுரை: பொருளாளர். கடைசி வரியில் பொடி எழுத்தில் கச்சேரி, பிற்பகல் 1.30.

"சாயங்காலம் கிடையாதா, மாமா?"

"ஹாலை ரிசப்ஷனுக்கு விட்டாச்சும்மா. உங்க கச்சேரிக்கு டிக்கெட் கிடையாதோன்னோ, கரண்ட் பில்லை யார் கட்டறது?"