கல்லில் கட்டிய ஆடு

வாங்க மாப்ள. மனை வாங்கப் போறீகளாம்ல? நல்ல காரியம். ஒத்தக்கடைக்கு அங்கிட்டு எங்கூர்ப் புஞ்சை பூராம் மஞ்சப் பெயிண்டு அடிச்ச கல்லா ஊண்டிக் கெடக்கு. அந்தக் கல்லோட அரும ஒங்களுக்குத் தெரியாது, என் வெள்ளாட்டைக் கேளுங்க. முளைக்குச்சி தேட வேண்டியதில்ல, கயித்தை மாட்டிவிட்டு யானைமலையைப் பாத்துக் கால நீட்டிப் படுத்துக்கிறலாம்.

மனைக்காரவுக வருசத்துக்கு ஒருக்காக் கார்ல வருவாக. எறங்கி கல்ல எண்ணுவாக. "யாருய்யா ஆடு கட்டுனது?"ம்பாக. "ஒங்க எடத்தக் காவக் காக்குதுங்கய்யா"ம்பேன். போன சித்திரையில ஒருத்தரு காவக்கூலின்னு அம்பது ரூவா குடுத்துட்டுப் போனாரு. ஆட்டுக்குத்தான் குடுத்தாரு, நான் டீ குடிச்சேன்.

லேஅவுட்டுக்காரவுக போட்ட தார் ரோடு எங்களுக்குக் களம். நெல்லு, உளுந்து, வத்தல் எல்லாம் அதுலதான் காயுது. முன்னல்லாம் அறுப்பு முடிஞ்சா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கீதாரி ஆடு பத்திக்கிட்டு வருவாரு. ராத்திரிக்கு இம்புட்டுன்னு பேசி வயல்ல கிடை போடுவோம். இப்பவும் வாராரு. கிடைக்குக் கூலி குடுக்கத்தான் ஆளில்ல. அம்புட்டு எருவும் படுக்கையறை வரப்போற எடத்துல வீணாக் கெடக்கு.

பார்க்குக்குன்னு நூத்துக்குப் பத்து விடணுமாம், சட்டம். விட்டிருக்காக. கம்பி வேலி போட்டுப் பூட்டியும் வச்சிருக்காக. எங்க மந்தைக்குப் பூட்டு ஏது? மாடு அடையும், பயலுக கபடி ஆடுவாய்ங்க, பஞ்சாயத்துக் கூடும், என்னையமாதிரி கெழடுக தூங்கும்.

ஒண்ணு சொல்றேன். மனைய மாசி பங்குனியில பாக்காதீக. கார்த்திகையில போங்க, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. முழங்கால் நனைஞ்சா அது கண்மாய் உள்வாய். ஊர்ப் பேருல ஏந்தல், தாங்கல், குளம்னு ஏதாச்சும் இருந்தா, புரோக்கரு பேச்ச விட்டுட்டு ஊரு சொல்றதக் கேளுங்க. மதுரைக்கு எடம் இப்பிடி மாறுறது புதுசுமில்ல. மாடு கட்டிச் சந்தை கூடுன எடம் 1999-ல பஸ் ஸ்டாண்டு ஆச்சு. மாடு போயிருச்சு, மாட்டுத்தாவணிங்கற பேரு போகல. உலகநேரிக் கண்மாய்க்குள்ள 2004-ல ஐகோர்ட்டுக் கிளை வந்துச்சு. கண்மாய எவனாச்சும் வளைச்சுட்டான்னு நாம மனுப் போடப் போறதும் அங்கதான்.

என்ன சிரிக்கிறீக? எங்கூரு நெலத்த வித்தது யாருன்னா? எல்லாருந்தான். முதக் கையெழுத்து என்னோடது, மூணு ஏக்கர். அந்தக் காசுல மகன் டவுனுக்குள்ள மூணாவது மாடியில வீடு வாங்கிட்டான். வாங்கப்பான்னு நிதம் போன் போடுறான். மாடியில ஆடு எங்க கட்ட?

வாங்குறதா இருந்தா கெழக்கு ஓரத்துல மூணாவது வரிசைய வாங்குங்க, அது மேடு. நான் உழுத மண்ணு, எனக்குத் தெரியும். வாங்கிட்டு அவசரப்பட்டு வீடு மட்டும் கட்டிறாதீக மாப்ள. அந்தக் கல்லுலதான் நம்ம கெடா நிக்குது.