பத்துக்குப் பத்து தியேட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, லைன் வீட்டில் குடித்தனம், கையில் தீபாவளி போனஸ். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மனுஷனுக்குப் புரொஜெக்டர் ஆசை வந்துவிடுகிறது. வரட்டும். வாங்குவது எப்படி என்று சொல்கிறேன்.

ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டைப்பெட்டியைப் படியுங்கள். '12,000 லூமன்ஸ்', '4கே சப்போர்ட்' மட்டும் தெரியும்; சந்தோஷமாகத் திரும்பலாம். கண்ணாடி போட்டால்தான் வம்பு. மூலையில் பொடி எழுத்தில் 'நேட்டிவ் 1280 x 720' இருக்கும். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், வெளியே காட்டுவது 720தான். பிரியாணி கேட்டால் தலையாட்டிவிட்டுத் தக்காளி சாதம் வைக்கிற மெஸ் மாதிரி. லூமன்ஸுக்கு முன்னால் 'ஆன்சி' என்று இருந்தால், படத்தில் ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுத்த வெளிச்சம். இல்லையென்றால் அச்சடித்தவர் மனசில் அளந்தது. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியில் நிஜ ஆன்சி பெரும்பாலும் சில நூறுதான்.

அடுத்து அறை. 100 அங்குலப் படம் ஏழேகால் அடி அகலம். த்ரோ ரேஷியோ, அதாவது படத்தின் அகலத்தைப்போல எத்தனை மடங்கு தூரம் என்ற கணக்கு, 1.4 என்றால் மெஷின் சுவரிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். அறையே பத்துக்குப் பத்து. ஆகவே கதவைத் திறந்து, வாசலில் ஸ்டூல் போட்டு, ஹவுஸ் ஓனர் அம்மாவின் துணிக்கொடிக்குக் கீழே மெஷினை வையுங்கள். ஹீரோ முகத்தில் அவ்வப்போது பாவாடை நாடா ஆடும். 80 அங்குலத்தில் நிறுத்தினால் எட்டடி போதும். ஆனால் கம்பெனியில் சொல்லிக்கொள்ள முடியாது.

ஸ்டீல் ஆலைப் பக்கம் குடியிருப்பவர்கள் ஜன்னல் கம்பியில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். அந்தக் கரிதான் மெஷினுக்குள்ளும் போகும். லென்ஸ் பகுதி சீல் செய்யாத மாடல் என்றால் கொஞ்ச நாளில் எல்லா நடிகைக்கும் ஒரே இடத்தில் மச்சம்.

கேம் ஆடுபவர்கள் 'இன்புட் லேக்' என்ன என்று கேளுங்கள். கடைக்காரர் 'அதெல்லாம் வராதுங்க' என்பார். பட்டனை அமுக்கியதும் படம் அசைய 100 மில்லி செகண்ட் ஆனால், 60 ஹெர்ட்ஸில் ஆறு ஃப்ரேம் போச்சு. எதிரி சுட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். படத்தை நேராக்கும் கீஸ்டோனை அணைத்தால் சில மாடல்களில் லேக் கொஞ்சம் குறையும்.

கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி: உங்களுக்கு எந்த ஷிப்ட்? புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டுமே. 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவரும் சம்பளக்காரர்தான். ஆனால் வேலையை விட்டார், ராத்திரி அவருடையதாயிற்று. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து மத்தியானம் இரண்டு மணிக்குப் படம் போடுகிறவருக்கு, ஜன்னலில் போர்வை கட்டினாலும் சுவரில் தெரிவது சுண்ணாம்புதான்.

ஆகவே காலை ஷிப்ட்காரர்கள் ஆன்சியும் நேட்டிவும் பார்த்து வாங்குங்கள். நைட் ஷிப்ட்காரர்கள் டிவி வாங்குங்கள்.