உள்ளே என்ன வைக்கப் போறீங்க?

சொந்தத் தொழில் செய்பவன் ஒரு லேப்டாப் வாங்கப் போகிறான் என்று காதில் விழுந்தால் போதும். சொந்தபந்தத்தில் பாதிப் பேர் நிதியமைச்சர் ஆகிவிடுவார்கள், மீதிப் பேர் விஞ்ஞானி ஆகிவிடுவார்கள். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் உட்கார்ந்து யோசித்ததில்லை. பணம் போடப்போவது நான் ஒருவன்தான் என்பதால் செலவு விஷயத்தில் அத்தனை பேருக்கும் தாராள மனசு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு அட்டைப்பெட்டி யூனிட் வைத்திருக்கிறேன். அங்கிருந்த பழைய லேப்டாப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. சரி, 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசரை அது பெரும்பாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது. எங்களுடையது நாலாம் தலைமுறை. பேங்க் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கிற மெஷினைப் பாதுகாப்பில்லாமல் ஓட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. வரி நீங்கலாக 50,000 ரூபாய் என்று பட்ஜெட் போட்டேன். போட்டதை வீட்டில் வாய்விட்டும் சொன்னேன்.

முதலில் வந்தவன் மச்சினன். ஓஎம்ஆரில் ஐடி வேலை. "மாமா, வாங்குறதே வாங்குறீங்க, மேக்புக்கா வாங்கிடுங்க. கிளையன்ட் முன்னாடி திறந்து வச்சாலே ஒரு கெத்து" என்றான்.

என் கிளையன்ட் யார் என்று அவனுக்குத் தெரியாது. ஒருவர் ஊறுகாய் போடுகிறார், ஒருவர் வால்வு செய்கிறார், ஒருவர் மிக்சி ஜாருக்கு மூடி அடிக்கிறார். அவர்கள் முன்னால் மேக்புக்கைத் திறந்தால் கெத்து வராது. "நல்லாத்தான் சம்பாதிக்கிறீங்க போல, பெட்டிக்கு ஒரு ரூபாய் குறைச்சுக்கலாமே" என்பதுதான் வரும். அது போக, நாங்கள் கணக்கு எழுதுகிற டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மேக்கில் அதை ஓட்ட வேண்டுமானால் உள்ளே ஒரு விண்டோஸைக் குடிவைக்க வேண்டும். டெண்டர் போடும்போது செருகுகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ பழைய அகல யுஎஸ்பி. மேக்புக் ஏரில் இருப்பதெல்லாம் டைப்-சி. "ஒரு டாங்கிள் வாங்கிக்கலாம் மாமா" என்றான். லட்ச ரூபாயைத் தொடுகிற பொருளை வாங்கிவிட்டு, அது வேலை செய்ய இன்னொரு பொருள் வாங்குவதற்கு ஐடி சம்பளம் வேண்டும்.

அடுத்தது பத்தாவது படிக்கும் என் மகன்.

"அப்பா, கிராபிக்ஸ் கார்டு இருந்தா எக்செல் சூப்பரா ஓடும்."

"எக்செல்லுக்கு எதுக்குடா கிராபிக்ஸ் கார்டு?"

"பார் சார்ட் எல்லாம் வரும்ல?"

அவன் காட்டிய மாடலில் கீபோர்டு மாரியம்மன் திருவிழா சீரியல் செட் போலக் கலர் கலராக எரிந்தது. திரை 144 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 144 முறை புதுப்பித்துக்கொள்ளுமாம். என் பாக்கிப் பட்டியல் தொண்ணூறு நாளாக ஒரு வரிகூட மாறாமல் நிற்கிறது. அதை நொடிக்கு 144 முறை புத்தம் புதிதாகப் பார்க்கும் தெம்பு எனக்கில்லை.

சித்தப்பா வந்தார். "கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டுடா. பாதிக் காசை கவர்ன்மென்ட்டே குடுக்குது. பெருசாவே வாங்கு" என்றார். காதில் தேன் பாய்ந்தது. ஆடிட்டரிடம் ஓடினேன். அவர் பேனாவை எடுத்தார்.

"50,000-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 9,000. பில்லில் நம்ம ஜிஎஸ்டி நம்பர் இருந்தா அந்த 9,000-ஐ நீங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கலாம். அது நிஜமான லாபம். தேய்மானம் 20,000. ஆனா அது கைக்கு வர்ற காசு இல்லை, வருமானத்துல கழிக்கிற செலவு. 30 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவருக்கு 6,000 ரூபாய் வரி மிச்சம். அக்டோபர் முதல் வாரம் தாண்டிட்டதால இந்த வருஷம் 180 நாள் பயன்பாடு வராது, தேய்மானம் பாதிதான். அப்போ 3,000."

"பரவாயில்லையே சார்."

"30 சதவீத ஸ்லாப்ல இருந்தா. நீங்க அதுல இல்லையே" என்று ஆறுதல் சொன்னார். கூடவே ஒரு எச்சரிக்கையும்: 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினால் அந்தத் தொகைக்குத் தேய்மானமே கிடையாது, பேங்க் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கட்டுக்கட்டாகப் பணத்தை எடுத்துக்கொண்டு போய் பேரம் பேசலாம் என்ற என் ஒரே வியூகமும் அங்கே முடிந்தது.

அப்பா மட்டும் விலையே கேட்கவில்லை. இந்த யூனிட்டைத் தொடங்கியவர் அவர். "நான் பேரேட்டுலதான் எழுதுனேன். ஒரு பேரேடு மூணு வருஷம் வரும். சார்ஜ் போட வேணாம்" என்றார்.

"அப்டேட் வராதேப்பா."

"சித்திரை ஒண்ணாந்தேதி மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு போடுவேன்ல, அதுதான் அப்டேட்."

இத்தனை பேர் பேசியதைக் கேட்டபோது ஒன்று உறைத்தது. எங்கள் தொழிலில் பெட்டி கேட்டு ஒருவர் வந்தால் "ஃபைவ் ப்ளை, நல்லா ஸ்ட்ராங்கா குடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே என்ன வைக்கப் போறீங்க?" ஒருமுறை வந்த பதில், "விளக்குத் திரி." விளக்குத் திரிக்கு எதற்கு ஐந்து அடுக்கு? உள்ளே இருப்பதன் எடை, ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்குவார்கள், லாரியில் எவ்வளவு தூரம் போகும் – இந்த மூன்றும் தெரிந்தால் எத்தனை ப்ளை, எத்தனை ஜிஎஸ்எம் பேப்பர் என்பது தானாக வந்து விழும். லேப்டாப் விஷயத்தில் என்னிடம் இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. எல்லோரும் நான் நாளைக்கு ஆகப்போகிற பெரிய மனுஷனுக்கு லேப்டாப் தேடினார்கள். இன்றைக்கு இ-வே பில் போட வேண்டியவனோ நான்.

நானே கேட்டுக்கொண்டேன். உள்ளே என்ன? டாலி, எக்செல், வாட்ஸ்அப் வெப். எத்தனை அடுக்கு? பிரவுசரில் ஜிஎஸ்டி, இ-வே பில், இரண்டு பேங்க், மூடாமல் விட்ட பழைய தாவல்கள் ஒரு டஜன். எவ்வளவு தூரம் போகும்? என் மேசையிலிருந்து கணக்கு மேசை வரை. விடை தானாக வந்தது: அண்மைத் தலைமுறை ஐ3 போதும், ஐ5 கிடைத்தால் சந்தோஷம். ராம் 16 ஜிபி. இல்லையென்றால் 8 ஜிபியும் காலி ஸ்லாட் ஒன்றும். 512 ஜிபி எஸ்எஸ்டி. ரொம்ப மலிவாக வருபவற்றில் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்று ஒன்று வைத்திருப்பார்கள். அது போனில் வைக்கிற சமாச்சாரம். அதில் டாலி திறப்பதற்குள் லாரி டிரைவர் டீ குடித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்துவிடுவார்.

இதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பினால், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று எந்தச் சந்தில் நுழைந்தாலும் "சார் லேப்டாப்பா, சிசிடிவியா?" என்ற வரவேற்பு. கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட லேப்டாப்புகளைச் சுத்தம் செய்து விற்கும் ஒரு கடையில் நுழைந்தேன்.

"சார், ஐ7 சார். பதினெட்டாயிரம். ஐ7!" என்று கை வைக்கும் இடத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர். ஸ்டிக்கர் மட்டும் மெஷினைவிடப் புதிதாக இருந்தது. திறந்து பார்த்தால் ஐ7-4600யு. ஐ-க்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணில் மயங்கக்கூடாது. கோடு போட்டு அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் ஜாதகம் இருக்கிறது. 4600 என்றால் நாலாம் தலைமுறை, 2013-ல் வந்தது, இரண்டே கோர். 2022-ல் வந்த ஐ3-1215யு பன்னிரண்டாம் தலைமுறை, ஆறு கோர். பெயரில் தம்பி, வேலையில் அண்ணன். அந்த ஐ7-ஐ வாங்கியிருந்தால் எந்தக் காரணத்துக்காகப் பழையதை மாற்ற வந்தேனோ அதே காரணத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

எட்டாம் தலைமுறை ஒன்றையும் காட்டினார். பார்வைக்குத் தங்கமாக இருந்தது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். இது மச்சினன் சொல்லிக்கொடுத்தது. அவன் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான். பிறந்தபோது பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு, இப்போது நிரம்புவது எவ்வளவு என்று இரண்டையும் அது பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிவிடும். இப்போதையது பாதிக்கும் கீழே. கடைக்காரரைப் பார்த்தேன். அவர் அசரவில்லை.

"சார், ஆபீஸ்லதானே வச்சுக்கப் போறீங்க? பிளக்லயே போட்டு வச்சுக்குங்க. பேட்டரியே தேவைப்படாது."

"அப்போ இது டெஸ்க்டாப்."

"அதேதான் சார். மடிக்கிற டெஸ்க்டாப்!"

இப்படிப் பேசத் தெரிந்த ஒருவர் எங்களுக்கு சேல்ஸில் இருந்தால், தொண்ணூறு நாள் பாக்கி தொண்ணூறு நிமிஷத்தில் வந்துவிடும்.

அடுத்து புது லேப்டாப் விற்கும் ஏசி ஷோரூம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட தம்பி, "சார், இது ஏஐ லேப்டாப்" என்றார். உள்ளே தனியாக ஒரு நியூரல் சிப், கீபோர்டில் அதற்கென்று ஒரு பட்டன். "இது என்ன செய்யும் தம்பி?" என்றேன். மீட்டிங்கைச் சுருக்கித் தருமாம், படம் வரைந்து தருமாம். சிறுதொழில் நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதைப் பார்ட்டிக்கு ஞாபகப்படுத்தி வசூல் செய்து தருமா என்றேன். தம்பி பட்டனை ஒருமுறை பார்த்துவிட்டு, "அழகா மெயில் எழுதித் தரும் சார்" என்றார். அழகான மெயில் என்னிடமே நிறைய இருக்கிறது. எல்லாம் அனுப்பியவைதான்.

வட்டியில்லாத் தவணை என்றும் ஒன்று சொன்னார். பில்லை ஊன்றிப் பார்த்தால் பேங்க் வட்டி போடுகிறது, அதே அளவை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கிறார்கள்; அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் நம் தலையில். வட்டி இல்லை, வட்டிக்கு வரி உண்டு. வள்ளுவர் இருந்திருந்தால் ஒரு அதிகாரம் கூடியிருக்கும்.

இதற்குள் மச்சினனிடமிருந்து போன்: "மாமா, அவசரப்படாதீங்க. அடுத்த மாடல் வருது. இது விலை குறையும்." இந்த யோசனைக்கு நம்ம ஊர்ப் பக்கத்திலேயே ஒரு பழைய சம்பந்தம் உண்டு. ஆடம் ஆஸ்போர்ன் என்று ஒருவர். அவருடைய அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார். அதனால் பையன் சிறுவயதில் வளர்ந்தது திருவண்ணாமலையில். அவர்தான் 1981-ல் அமெரிக்காவில், தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர்களில் வியாபாரமாக வென்ற முதல் ஒன்றை விற்றார். ஆஸ்போர்ன் 1, விலை 1,795 டாலர், எடை சுமார் 11 கிலோ, திரை ஐந்து அங்குலம். நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, அடுத்த மாடல் இதைவிடப் பிரமாதமாக வருகிறது என்ற பேச்சு வெளியே போனது. கேட்டவர்கள் எல்லாம் "அப்போ அதையே வாங்கிக்கிறோம்" என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். 1983-ல் கம்பெனி திவால். அந்தக் கதைக்கு வேறு காரணங்களும் சொல்வார்கள். ஆனால் அடுத்ததை அறிவித்து இருப்பதைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆஸ்போர்ன் கடைசிக் காலத்தில் நம்ம பக்கமே திரும்பி வந்து, 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

காத்திருந்தவர்களால் விற்றவரே கவிழ்ந்தார். வாங்குகிறவனுக்கும் காத்திருப்பது லாபம் என்று சொல்ல முடியாது: ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. மச்சினனிடம், "அடுத்த மாடல் வர்ற வரைக்கும் அடுத்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் நிக்காதுடா" என்று சொல்லி வைத்தேன். மாதா மாதம் 20-ஆம் தேதி, எந்த மாடல் வந்தாலும் வராவிட்டாலும், வந்துவிடும்.

கடைசியாக, எங்கள் கணக்கைப் பார்க்கும் மேடத்திடம் இரண்டு மாடல் படத்தைக் காட்டினேன். லேப்டாப்பில் முக்கால்வாசி நேரம் உட்காரப்போவது அவர். அவர் பிராசசரைப் பார்க்கவில்லை, ராமைப் பார்க்கவில்லை. கீபோர்டின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுல நம்பர் பேட் இல்லையே" என்றார்.

அவர் வேலை செய்வதைக் கவனித்தால் அது புரியும். இடது கையின் ஆள்காட்டி விரல் பில்லில் வரி வரியாக இறங்கும். வலது கை நம்பர் பேடில் இருக்கும். கண் அங்கே போவதே இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் சுண்டு விரல் என்ட்டரை ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டல் நின்றால் பில்லில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம். மேலே வரிசையாக இருக்கும் எண்களை வைத்துக்கொண்டு இதைச் செய்யச் சொல்வது தவில்காரரின் கையில் கஞ்சிராவைக் கொடுப்பது. பதினான்கு அங்குல மாடல்களில் பெரும்பாலும் நம்பர் பேட் வராது, 15.6 அங்குலத்தில் நிறைய மாடல்களில் வரும். என் மனதில் ஓடிய மெலிந்த, அழகான, பதினான்கு அங்குல லேப்டாப் அந்த நிமிஷமே கழன்றுகொண்டது.

வாங்கியது 15.6 அங்குலம், ஐ3, 8 ஜிபி, ஒரு காலி ஸ்லாட், அகல யுஎஸ்பி இரண்டு, முழு நம்பர் பேட். வரி நீங்கலாக பட்ஜெட்டுக்குள். பணம் பேங்க் வழியாக. பில்லில் ஜிஎஸ்டி நம்பர். மேடம் முதல் வேலையாக அந்த பில்லையே டாலியில் நிலைச்சொத்தில் ஏற்றினார். சுண்டு விரல் எங்கேயும் நிற்கவில்லை. மகன் வந்து பார்த்தான். கீபோர்டில் லைட் இல்லை என்று தெரிந்ததும் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டான். இப்படி ஒரு சிறப்பம்சம் இருப்பதை எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் போடுவதில்லை.

அப்பா மட்டும் லேப்டாப் பக்கம் வரவே இல்லை. அது வந்த பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விளிம்பில் நகத்தை விட்டு உள்ளே இருக்கும் நெளிவைப் பார்த்தார், மூலையை அமுக்கிப் பார்த்தார், ஒட்டியிருக்கும் மடிப்பை மோந்து பார்த்தார். "நல்ல பெட்டிடா. பேப்பர்ல ஏமாத்தல" என்றார்.

"லேப்டாப் எப்படிப்பா?"

"மூணு வருஷம் ஓடட்டும், சொல்றேன்."