“பொறுங்கோ, சொல்லுறன்”

பெட்டியைத் திறக்க முன்னரே தொடங்கிவிடுவார்.

“இது 1995ஆம் ஆண்டு ஜேர்மனியில வந்தது அண்ணை. கண்டுபிடிச்சவர் கிளவுஸ் டொய்பர். பல்லுக் கட்டுற லாப் வச்சிருந்தவர்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம். வேலை முடிந்து, 401 நெடுஞ்சாலை நெரிசலில் அரைவாசி உயிரைக் கொடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாசலில் காசும் கட்டிவிட்டு, பலகை விளையாட்டுக் கோப்பிக்கடையில் நாலு பேர் வந்து இருக்கிறோம். மேசையில் ‘கட்டான்’ பெட்டி. தீவொன்றில் செங்கல்லும் மரமும் ஆடும் கோதுமையும் தாதும் சேர்த்து, வீதி போட்டு, வீடு கட்ட வேண்டும். முதலில் 10 புள்ளி எடுப்பவர் வென்றார். நான் இந்த இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் பல்லில் நிற்கிறார்.

எங்கள் வட்டத்தில் அவருக்கு ரூல்ஸ் தம்பி என்று பெயர். உங்கள் வட்டத்தில் வேறு பெயர் இருக்கும். முப்பத்தைந்து வயது, கணினி வேலை, முதுகுப் பையில் எப்போதும் ஒரு பெட்டி. கடையில் ஆயிரம் பெட்டி அடுக்கியிருக்க இவர் ஏன் சொந்தப் பெட்டியோடு வருகிறார் என்றால், கடைப் பெட்டியில் உள்ள அட்டைகளுக்கு உறை போட்டிருக்க மாட்டார்களாம். உருளைக்கிழங்குப் பொரியலைச் சீனக் குச்சியால் எடுத்துத் தின்பார். விரலில் எண்ணெய் பட்டால் அட்டை பழுதாகிவிடுமாம். இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம்.

ரொறன்ரோவில் ப்ளூர் வீதியில் 2010இல் ‘ஸ்நேக்ஸ் அன்ட் லாற்றேஸ்’ என்று இப்படியொரு கடை திறந்தபோது, வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிற விளையாட்டை வெளியே போய்க் காசு கொடுத்து விளையாட ஆர் வருவினம் என்று என்னைப் போன்றவர்கள் சிரித்தோம். வந்தார்கள். ஆறு மாதம் பனி கொட்டுகிற ஊரில் மனிதர் எங்கேதான் போவது? பிறகு ஒரு கடையைப் பார்த்து இன்னொரு கடை. சங்கிலிக் கடைகள், பெயரைக் குத்தகைக்கு எடுத்து ஊருக்கு ஊர் நடத்துகிற பிரான்சைஸ் கடைகள். எந்தக் கிளைக்குப் போனாலும் அதே அலுமாரி, அதே மஞ்சள் விளக்கு. பின்பக்கத்தில் வார்ஹாமர் பொம்மைகளுக்கு மூச்சை அடக்கி நிறம் தீட்டுகிற அதே ஆட்கள். வெள்ளி இரவில் ‘மஜிக்’ சீட்டோடு வருகிற அதே பள்ளிக்கூடப் பொடியன்களும், அவர்களிடம் வாராவாரம் தோற்கிற அதே வங்கி அலுவலரும். ஏதாவது ஒரு மேசையில் இவரும் இருப்பார். பலகையும் பெயரும் கோப்பி மெசினும் அனுப்புகிற தலைமை அலுவலகம் கிளைக்கு ஒரு ரூல்ஸ் தம்பியையும் சேர்த்து அனுப்புகிறதோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

சரி, விளக்கத்துக்கு வருவோம். அவரும் ஒரு வழியாக வந்துவிட்டார்.

முதலில் வருவது விதியல்ல, விதிவிலக்கு. “சாதாரணமா வீதி இல்லாத இடத்தில வீடு வைக்கேலாது. ஆனா தொடக்கத்தில வைக்கலாம். அதையும் ரெண்டு தரம்தான். ரெண்டாவது வீட்டுக்குத்தான் சாமான் கிடைக்கும்.” சாதாரணம் எது என்றே தெரியாதவனுக்கு அசாதாரணத்தைச் சொல்லி என்ன பயன்? அடுத்து, “இதை இப்ப மண்டைக்குள்ள எடுக்காதேங்கோ, பிறகு தேவைப்படும்” என்று ஐந்து நிமிடம் ஒன்றைச் சொல்வார். மண்டைக்குள் எடுக்கக்கூடாததை ஏன் காதுக்குள் ஊற்றுகிறார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கும் விளக்கம் வரும். யாராவது தாயக்கட்டையை உருட்டிப் பார்க்கக் கையை நீட்டினால், “பொறுங்கோ, சொல்லுறன்.” பக்கத்து மேசைக்காரர் ஒரு ஆட்டத்தை முடித்து இரண்டாவதைத் தொடங்குவார்கள். என் கோப்பியில் ஆடை படிந்திருக்கும். கடைசியில், இதுதான் உச்சம், பெட்டி மூடியைப் பக்குவமாகக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: “விளையாட விளையாட எல்லாம் விளங்கும்.”

அப்படியென்றால் முதலே விளையாடியிருக்கலாமே ஐயா!

இனித்தான் விசயம் இருக்கிறது. இவ்வளவு நேரம் விளக்கியவர் ஒரு விதியை மட்டும் எப்போதும் விட்டுவிடுவார். எந்த விதி என்று நீங்களே ஊகிக்கலாம். உங்களைக் கவிழ்க்கப்போகிற விதி.

என் மனைவி அன்று சத்தம் போடாமல் சீட்டுச் சேர்த்தாள். கோதுமையும் தாதுமாகக் கையில் பதினொன்று. அடுத்த முறையில் ஒரு வீட்டை நகரமாக்கிவிடுவாள். அவள் முகத்தில் நகை வாங்கப் போகிற களை. ரூல்ஸ் தம்பி உருட்டினார். ஏழு.

“ஓ… சொல்ல மறந்திட்டன். ஏழு விழுந்தா, கையில ஏழு சீட்டுக்கு மேல வச்சிருக்கிற ஆக்கள் பாதியைப் போடவேணும்.”

“தம்பி, இதை முதலே சொன்னனீரோ?”

“இப்பதானே அக்கா சொல்லுறன்.”

பதினொன்றில் ஐந்து போயிற்று. அது போதாதென்று ஏழு விழுந்தால் கள்ளன் என்ற காயையும் நகர்த்தவேண்டும் என்று, அவள் கோதுமை வயலிலேயே கொண்டுபோய் வைத்து, மிச்சத்தில் ஒரு சீட்டையும் உருவினார். இரண்டு தாயக்கட்டைகளில் ஏழு என்பது எப்போதாவது தப்பி விழுகிற எண்ணும் அல்ல. 36 வகையில் 6 வகை அதுதான். மற்ற எந்த எண்ணையும்விட அதிகம் விழுவது. டொய்பரின் பல் லாப்பை மறக்காதவர் மறந்தது அந்த எண்ணை. அப்போது அவர் கையில் எத்தனை சீட்டு என்று எட்டிப் பார்த்தேன். ஏழு.

இந்த ‘சொல்ல மறந்திட்டன்’ ஒரு ஆட்டத்தோடு போவதில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்பது நான் வீடு வைத்த பிறகு தெரியவரும். வாங்கிய சீட்டை அதே முறையில் இறக்க முடியாது என்பது நான் இறக்கிய பிறகு. நீளமான வீதிக்கு 2 புள்ளி என்பது அவர் வீதி நீண்ட பிறகு. எட்டுப் புள்ளியில் நிற்கிறார், இன்னும் நேரம் இருக்கிறது என்று நாங்கள் மூச்சு விடும்போது, கவிழ்த்து வைத்திருந்த இரண்டு சீட்டைத் திருப்பிக் காட்டுவார். “இது வெற்றிப் புள்ளி. ஒளிச்சு வச்சிருக்கலாம் அண்ணை. சொன்னனான் எல்லோ?”

கள்ளன் என்று சொல்லமாட்டேன். அவர் எடுத்துவிடுகிற விதி ஒவ்வொன்றும் புத்தகத்தில் இருக்கிறது, பக்கத்தோடு காட்டுவார். தோற்கிற நாளிலும் அதே முகம்தான். உண்மையில் ஆட்டம் தொடங்கியதும் மனிதர் கொஞ்சம் வாடிப்போகிறார். கல்யாண வீட்டில் தாலி கட்டியபின் ஐயருக்கு இருக்கிற ஈடுபாடுதான் மிச்ச நேரம் அவருக்கு. விளக்கம் சொல்லத்தான் அவர் வருகிறார். விளையாட்டு அதற்கு ஒரு சாட்டு. ‘மஜிக்’ சீட்டாட்டத்தின் முழு விதிநூல் 200 பக்கத்துக்கு மேல் போகும். அதைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வாசிக்கிறவர் அவர். ‘குளூம்ஹேவன்’ என்று 2017இல் வந்த ஒன்று, பெட்டி மட்டும் ஏறக்குறைய 10 கிலோ. அதை விளக்க எங்களை வீட்டுக்குச் சாப்பாட்டோடு அழைத்தார். எனக்கு அன்று முதுகுப் பிடிப்பு வந்துவிட்டது.

போன கோடையில் ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். கொத்துரொட்டி ஒரு பக்கம், சாக்கோட்டம் ஒரு பக்கம், மேப்பிள் மரத்துக்குக் கீழே பெரியவர்களின் கடதாசிக் கூட்டம் ஒரு பக்கம். 304. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ரூல்ஸ் தம்பி பத்து வயதில் இங்கே வந்தவர். ஓரமாகப் போய் நின்று, முறைப்படி கேட்டார்: “ஐயா, இதுக்கு ரூல்ஸ் எப்பிடி?”

பெரியவர் நிமிரவே இல்லை. “பின்னால இருந்து பார்.”

304 பழகுகிற வழி அது ஒன்றுதான். யாராவது ஒரு பெரியவரின் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்க்க வேண்டும். ஒருநாள் ஆள் குறையும், உங்களை இருத்துவார்கள். பிழையாகப் போடுவீர்கள், ஏச்சு விழும். அந்தப் பிழையை அதற்குப் பிறகு செய்ய மாட்டீர்கள். இப்படியே நூறு ஏச்சில் ஆட்டக்காரர் ஆகிவிடலாம். என் அப்பாவும் அப்படித்தான் பழகினார், நானும் அப்படித்தான். விதியை எழுதி வைத்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

அன்று ஆள் குறைந்தது. தம்பியை இருத்தினார்கள். கையில் ஆஸ் வந்ததும் மனிதர் முகம் மலர்ந்ததைத் தூரத்திலிருந்தே கண்டேன். உலகத்தில் ஆஸ் பெரிய சீட்டு. அழகாக இறக்கினார். எதிர்ப்பக்கத்துப் பெரியவர் ஒன்பதைப் போட்டு அள்ளிக்கொண்டார்.

“ஐயா, ஒன்பது எப்பிடி ஆஸை வெல்லும்?”

“ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் சும்மா. கூட்டிப் பார், ஒரு வகைக்கு 76, நாலுக்கும் 304. பேரிலயே இருக்கு.”

“இதை முதலே சொல்லேல்லையே ஐயா…”

“இப்ப சொல்லுறன்தானே. போடு!”

என் மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கொத்துரொட்டித் தட்டு சரிந்தது. அந்தப் பதினொரு சீட்டு அன்றுதான் தீர்ந்தது.

தம்பி சும்மா விடுகிற ஆளா? அடுத்த ஒன்றுகூடலுக்கு 304இன் விதிகளை ஒரு தாளில் அச்சடித்து, லமினேற் செய்து, ஆளுக்கு ஒன்று என்று கொண்டுவந்தார். தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். துரும்பு கேட்கிற முறை, மூடி வைக்கிற முறை, யார் முதலில் போடுவது, எல்லாம் நிறம் நிறமாக. பெரியவர்கள் ஒருமுறை பார்த்தார்கள். “எங்கட ஊரில இப்பிடி இல்லை” என்றார் ஒருவர். “எங்கடையிலும் இல்லை, ஆனா அவர் சொல்லுற மாதிரியும் இல்லை” என்றார் மற்றவர். பிறகு வடைத் தட்டை அதன்மேல் வைத்தார்கள். லமினேற் செய்ததால் எண்ணெய் ஊறவில்லை.

ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் இரண்டு பேர், அதில் ஒன்று பெண்பிள்ளை, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசையில் துணிந்து இருந்தார்கள். ஏச்சு வாங்கிப் பழக அவர்களுக்குத் தமிழும் போதாது, பொறுமையும் போதாது. எங்கள் முறையிலேயே விட்டிருந்தால் அந்தப் பெண்பிள்ளையை ஒருவரும் அங்கே இருத்தியிருக்கவும் மாட்டார்கள். இதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டிவிட்டேன்.

ஆனாலும் தம்பி, எனக்கு உம்மிடம் ஒரு முறைப்பாடு இருக்கிறது. இதை நீர் வாசிப்பீர் என்றும் தெரியும். வார இறுதியில் அந்தக் கடையில் மேசைக்கு நேரக் கட்டுப்பாடு. காசு தலைக்கு. பாதி நேரம் உம்முடைய விளக்கத்திலேயே போய்விடுகிறது. ஆட்டம் சூடு பிடிக்கும்போது கடைப் பெடிச்சி வந்து, அடுத்த ஆக்கள் காத்திருக்கினம் என்று சொல்லுகிறாள். போன மாதம் நாங்கள் ஒரு ஆட்டத்தையும் முடிக்கவில்லை. விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கவென்றே அங்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், ஏழையும் மறக்கமாட்டார்கள். அப்படி எங்கள் மேசைக்கு வந்த பிள்ளையை நீர் இடைமறித்து, அவளுக்கே பிழை திருத்தி அனுப்பினீர். அவள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருவதில்லை.

ஆகவே இனிமேல் உமக்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் விளக்குகிற நேரத்துக்கு எங்கள் எல்லோருடைய மேசைக் காசையும் நீர்தான் கட்ட வேண்டும். கோப்பிக் காசு நான் தருகிறேன்.