படத்துக்கு ஒரு வரி

கேள்வி: இணையதளப் படங்களுக்கு ‘ஆல்ட்’ விளக்கம் எழுதாவிட்டால் குடியா முழுகிவிடும்?

பதில்: சிட்னி ஒலிம்பிக் அமைப்புக் குழுவினரும் ஏறக்குறைய இவ்வண்ணமே எண்ணியிருந்தார்கள் போலும். எழுத்தைச் சரளமாக வாசிக்கும் திரைவாசிப்பான், விளக்கமற்ற சித்திரத்தின் முன்னே ஊமையாகிவிடுகிறது, அல்லது ‘ஐ, எம், ஜி, பூஜ்யம், ஏழு’ என்று கோப்பின் பெயரை ஜபிக்கத் தொடங்குகிறது என்னும் சங்கடத்தோடு பார்வையற்ற அன்பர் ஒருவர் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டபோது, தங்கள் இணையதளத்தைத் திருத்துவதற்கு இருபது லட்சம் டாலருக்கு மேல் செலவாகுமென்று குழுவினர் பிரலாபித்தார்கள். நிபுணர்களோ, அஃது அப்படியொன்றும் பிரம்மப் பிரயத்தனமன்று என்று சாட்சி சொன்னார்கள். 2000இல் தீர்ப்பு அன்பருக்கே அனுகூலமாயிற்று. உத்தரவைப் பூரணமாக நிறைவேற்றாமையால் 20,000 டாலர் நஷ்டஈடும் விதிக்கப்பட்டது. தாங்களும் அத்தனை தாராளப் பிரபுவென்றால், தாராளமாக எழுதாமலிருக்கலாம்.