நோக்கமும் நீர்மோரும்

அரசலாறு கடலில் கலக்கும் எங்கள் காரைக்காலுக்கு எல்லை தாண்டி வருகிறவர்களைப் பல காலம் திண்ணையில் உட்கார்ந்து கவனித்து வந்தவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு ஓர் உண்மையை வெளியிடத் துணிகிறேன்: அவர்களில் நோக்கமின்றி வருகிறவர் ஒருவரும் இல்லை. சனிக்கிழமை விடியுமுன் பேருந்தை விட்டு இறங்குகிறவர், திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் முழுகி, சனீசுவர பகவானிடம் தமது கிரக தோஷங்களை ஒப்படைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் திரும்பவேண்டும் என்பதில் தெளிவாக இருக்கிறார். ஆகஸ்டு மாதக் கடைசியில் காவி உடுத்தி, மாதா சொரூபத்தைச் சிறு தேரில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு வடக்கேயிருந்து நடந்து வருகிறவர், 29-ஆம் தேதிக் கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8-ஆம் தேதிப் பெருவிழாவுக்கோ வேளாங்கண்ணியில் இருந்தாக வேண்டும் என்பதில் தெளிவாக இருக்கிறார். மாலை மயங்கும் வேளையில் நாகூர்ப் பக்கமிருந்து எங்கள் தெற்கெல்லையாகிய வாஞ்சூரை வந்தடைகிறவரோ, புதுச்சேரி அரசாங்கத்தின் வரிவிகிதம் தமக்கு அருளும் சகாயத்தைப் புட்டியில் பெற்றுக்கொள்ள வந்தவராகையால், இம்மூவரிலும் அதிகத் தெளிவோடு வருகிறார்; திரும்பும்போதுதான் அவருடைய தெளிவு சற்றே குறைகிறது.

இப்படிப்பட்ட ஊரில், எதற்காகக் கூடுகிறோம் என்று தெரியாமலே பல்லாண்டு காலம் தவறாமல் கூடிவந்த ஒரு பக்த சபையில் நானும் அங்கத்தினன். பங்கின் பெயரும் சபையின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர். நோத்தேரிடம் எழுத்தராக இருந்து பத்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் காரியதரிசி. ஒரு ரூபாயையும் செலவழிக்க விடாதவர் என்ற நற்பெயரால் ஆயுட்காலப் பொக்கிஷதாராக அமர்த்தப்பட்ட ஜவுளிக் கடைக்காரர் ஒருவர். மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர். பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து, பிராங்கிலும் பின்னர் யூரோவிலும் ஓய்வூதியம் வாங்கி, ஊராரால் சொல்தா தாத்தா என்று அழைக்கப்படும் பெரியவர் ஒருவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கூடுவோம். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் காரியதரிசி வாசிப்பார். நாங்கள் அதை அங்கீகரிப்போம். அக்குறிப்பில், அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசித்து அங்கீகரிக்கப்பட்டது என்ற செய்தி இருக்கும். பிறகு மெதுவடையும் டீயும் வரும். வடை வேகாத கூட்டங்களில் மாத்திரம் விவாதம் நிகழ்ந்ததாக ஞாபகம்.

இந்த நிர்மலமான வாழ்வில் குறுக்கிட்டவன், சென்னையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும், காரியதரிசியின் தங்கை மகன். விடுமுறையில் வந்தவன், எங்கள் கூட்டத்தில் மரியாதையாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வடை முடிந்த தறுவாயில், “மாமா, ஒண்ணு கேக்கலாமா? இந்தச் சபைக்கு நோக்கம் என்ன?” என்றான். சபை திகைத்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “தம்பி, நோக்கம் இல்லாமலா இத்தனை வருஷமா வடை வாங்குறோம்?” என்று கேட்டார். தர்க்க சாஸ்திரத்தில் இதற்குப் பதில் இல்லாமையால் பையன் சிறிது நேரம் பேசவில்லை. ஆனால் கம்பெனிகளில் இதற்கென்றே பயிற்சி கொடுக்கிறார்களாம். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, சபை எதற்காக இருக்கவேண்டும் என்று அவரவர் அபிப்பிராயத்தை எழுதித் தரச்சொன்னான்.

அப்படி எழுதப்பட்டவற்றைச் சேர்த்து, யாருடைய மனமும் புண்படாதவாறு காரியதரிசி பத்திர நடையில் தயாரித்த வாக்கியத்தின் சாரம் பின்வருமாறு: இறைவனின் அதிமிக மகிமைக்காகவும், அன்னையின் பக்தியைப் பரப்புவதற்காகவும், இளைஞரை நல்வழிப்படுத்துவதற்காகவும், முதியோரை மதிப்பதற்காகவும், பவனிகளில் ஒலிபெருக்கி தடையின்றி இயங்குவதற்காகவும், சபையின் வைப்புநிதி எக்காலத்தும் குறையாதிருப்பதற்காகவும், மேற்கண்டவற்றிற்கும் மேற்காணாதவற்றிற்குமாக இச்சபை இயங்கும். சர்வசம்மதமாக நிறைவேறியது. ஒரு கை கூட எதிர்த்து உயரவில்லை. சொல்தா தாத்தா மாத்திரம், “இதக் காட்டி யாருக்காச்சும் ஒரு காரியம் முடியாதுன்னு சொல்ல முடியுமாய்யா?” என்று கேட்டார். முடியாது என்று தெரிந்தது. “அப்ப இது நோக்கம் இல்ல. சாமான் பட்டியல்” என்று சொல்லிவிட்டு, பங்குக்கு வந்த வடையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவர் எழுந்துபோனார்.

அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அதற்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை என்பதும், அந்த விடை கத்தோலிக்கனாகிய எனக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது என்பதும் சற்றுச் சங்கடமான சங்கதிகள். எங்கள் ஊருக்கு வடக்கே, பேருந்து வழியெல்லாம் நின்று போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் தரங்கம்பாடி, 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய நாள்முதல் லுத்தரன் மரபின் தாய்வீடு. அவ்வூரில் 1919-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இரண்டு நாட்கள், அக்கினி நட்சத்திரத்தின் வாசற்படியில், 33 பேர் கூடினார்கள். இருவர் தவிர எல்லோரும் இந்தியர். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெருமை பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களில் முன்னணியில் நின்றவர். அந்த வெயிலில் அவர்கள் கண்ட முடிவு சுருக்கமானது: இந்நாட்டுக்குச் சுவிசேஷம் அறிவிக்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் பொது; நம்மைப் பிரித்து நிற்கும் வேலிகளோ வேறு தேசத்தில் வேறு யாரோ தங்கள் சண்டைக்காகப் போட்டவை; ஆதலால் ஒன்றாக வேண்டும். அதற்கு ஆதாரமாக வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயர் பதவி என்று நான்கே நான்கை வைத்தார்கள். ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இரண்டே நாளில் எழுதி முடித்த அந்த நோக்கத்தை நிறைவேற்ற 28 ஆண்டுகள் பிடித்தன என்பதுதான் இதில் நான் மிகவும் ரசிக்கும் பாகம். ஏனென்றால், எங்கள் வாக்கியம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவர்களுடையதோ எல்லோரிடமும் கேட்டது. பேராயர் என்ற பதவியையே தங்கள் முன்னோர் உதறிவிட்டார்கள் என்று பெருமை பேசிவந்தவர்கள் பேராயர்களை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பேராயர் கை வைக்காத குருத்துவம் குருத்துவமா என்று கேட்டுவந்தவர்கள், அப்படிப்பட்ட குருமாரைச் சக குருமாராக ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1925-இல் மெதடிஸ்டுகளும் பேச்சில் சேர்ந்தார்கள், 1929-இல் திட்டம் அச்சேறியது, அச்சேறியது திருத்தப்பட்டது, திருத்தியது மறுபடி திருத்தப்பட்டது. அசரியா 1945 ஜனவரி முதல் தேதி காலமாகிவிட்டார். கடைசியில் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது, நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரரைக் கப்பலேற்றுவதைக் காட்டிலும், வெள்ளைக்காரர் போட்ட வேலியைப் பிடுங்குவதற்கு நமக்கு ஆறு வாரம் கூடுதலாகப் பிடித்தது என்று கணக்கு. எந்த ஊரில் இந்தப் பேச்சு எழுந்ததோ அந்த ஊரைப் பிறப்பிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அதே 1919-ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்று, இந்த ஐக்கியத்தில் சேராமல் இன்றளவும் தனியாகவே சௌக்கியமாக இருந்துவருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். தெளிவான நோக்கத்துக்கு ‘வரமாட்டோம்’ என்று சொல்லும் வசதியும் உண்டு. எங்கள் வாக்கியத்திலிருந்து விலகி நிற்க யாருக்கும் வழியே இல்லை, அதில்தான் எல்லாம் இருக்கிறதே!

அடுத்த வீட்டைப் புகழ்ந்த குற்றம் நீங்கும்படி எங்கள் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். 1833-இல் பாரிஸில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய ஓசானாம் அப்போது இருபது வயது மாணவர். ஏழைகளுக்கு நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று யாரோ இடித்துக் கேட்டதும், நோக்கத்தை வரையறுக்கக் குழு அமைக்காமல், தோழர் ஒருவரோடு தம் குளிர்கால விறகைத் தூக்கிக்கொண்டு ஒரு வறியவர் வீட்டுக்குப் போனார் என்பார்கள். 1921 செப்டம்பரில் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையோ, கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளலாகாது என்றும், ஒவ்வோர் அங்கத்தினரும் சென்ற வாரம் தமக்கு இட்ட பணியைச் செய்த விவரத்தை எழுந்து சொல்லவேண்டும் என்றும் கைப்புத்தகத்திலேயே விதித்துவிட்டது. எங்கள் சபைக்கு இவ்விதி வந்திருந்தால் முதற்கூட்டத்திலேயே பலருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

இவ்வளவையும் நான் ஒரு சிறு பிரசங்கமாகத் தயாரித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அது ஆகஸ்டு மாதக் கடைசி. மண்டபத்தில் வெள்ளையடிப்பு நடந்ததால், பிரதான சாலையை ஒட்டிய ஓர் அங்கத்தினர் வீட்டுத் தாழ்வாரத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தரங்கம்பாடியில் 33 பேர் கூடியதுவரை வந்திருப்பேன், காவிச் சேலை கட்டிய ஓர் அம்மாள் படியில் காலை வைத்து, “ஐயா, கொஞ்சம் தண்ணி இருக்கா?” என்று கேட்டார். தலைவர், நோக்கம் பற்றிய முக்கியமான கூட்டம் நடப்பதாக மரியாதையாக விளக்கினார். அம்மாளும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டு, “சரிங்க ஐயா. நோக்கம் கெடைச்சதும் தண்ணி குடுங்க” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் தேரும், தேருக்குப் பின்னால் கடலூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்த ஒரு கிராமமும் நின்றன. அந்தக் கிராமத்தில் யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இரவு எங்கே தங்குவது, தேரை யார் தள்ளுவது, பாட்டை யார் எடுப்பது என்று வாய் ஓயாமல் சச்சரவு. ஆயினும் திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம் என்று தெற்கே போகும் சாலையைப் பற்றி மாத்திரம் அவர்களுக்குள் அபிப்பிராய பேதமே இல்லை.

சொல்தா தாத்தா வீட்டுக்குள் போய் அண்டாவைத் தூக்கிவந்தார். என் பிரசங்கத்தின் மிச்சத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் சபைக்கு நஷ்டம் ஒன்றும் நேரவில்லை. அன்று மாலையே பழைய வாக்கியம் ரத்தாகி, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் தெருவில் குடிக்கக் கொடுத்து, கொப்புளத்துக்கு மருந்திட்டு, படுக்க இடம் தருவது என்று ஒரே வரியில் தீர்மானம் எழுதப்பட்டது. இதைக் காட்டிப் பலருக்குப் பல காரியங்களை முடியாது என்று சொல்ல முடிந்தது. மைக்செட் வேண்டாம், நடந்து களைத்தவர்கள் தூங்கவேண்டும் என்றதும் மைக்செட்காரர் ராஜினாமா எழுதினார்; நாங்கள் அதைப் படிக்கும்போதே திரும்பிவந்து, அந்த ஜெனரேட்டரில் விளக்குப் போடலாமே என்றார். பொக்கிஷதாரின் வைப்புநிதி மோராகக் கரைந்தது. அவர் வீட்டில் அந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை என்று கேள்வி. மற்ற பதினொரு மாதமும் என்ன செய்வது என்று தலைவர் கவலைப்பட்டபோது, “வடை வாங்காம இருப்போம்” என்று தாத்தா வழிகாட்டினார். இப்போது எங்களுக்குள் இருக்கும் ஒரே தகராறு, நீர்மோரில் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடுவதா அரைத்துப் போடுவதா என்பது. இதற்கு 28 ஆண்டுகள் ஆனாலும் ஆகட்டும். சாலையில் நிற்கிறவருக்கு அதற்குள் மோர் கிடைத்துவிடுகிறது.

இந்த வெற்றியால் ஊக்கம் அடைந்து, குடும்பத்துக்கும் ஒரு பொது நோக்கம் வகுக்கலாம் என்று, இரவு ஜெபமாலை முடிந்ததும் என் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் பிரஸ்தாபித்தேன். துண்டுக் காகிதம் கூடத் தயாராக வைத்திருந்தேன். மனைவி அதை வாங்கிப் பார்த்து, மளிகைக் கணக்கு எழுத உதவும் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். “நோக்கம் ஏற்கெனவே இருக்குதுங்க. பகல்ல சண்டை போட்டவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசின பிறகுதான் இந்த வீட்ல சோறு. உங்க அம்மா காலத்துச் சட்டம். எத்தனை நாள் சாப்பிட்டிருக்கீங்க, தெரியாதா?” என்றாள். யோசித்துப் பார்த்தேன். முன்னறிவிப்பு இன்றி, குழு இன்றி, நடவடிக்கைக் குறிப்பு இன்றி, பசி என்ற ஒரே அதிகாரியைக் கொண்டு நிர்வகிக்கப்பட்டுவரும் இச்சட்டத்துக்கு இதுவரை திருத்தம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் இரவு எட்டரை மணியைத் தாண்டியதில்லை. அன்றைக்கு நானும் என் மூத்த மகனும் காலையிலிருந்து பேசாமல் இருந்தோம். “என்னடா, பரீட்சை எப்போ?” என்று நான்தான் முதலில் ஆரம்பித்தேன், குழம்பு அயிலை மீன்.