கொடிக்கயிறும் ஆறு வால்வும்

எங்கள் வீதியில் பொழுது விடிந்ததைச் சேவல் சொல்லாது, என் கார்தான் சொல்லும். 1997 மாடல் மாருதி 800. காலை ஏழு மணிக்குச் சாவியைத் திருகினால் சைலன்ஸரிலிருந்து நீலமாக ஒரு புகை கிளம்பி, எதிர்வீட்டு மல்லிகைப் பந்தலில் நுழைந்து, முக்குக் கடை வரைக்கும் போய்வரும். புதிதாகக் குடிவந்த வீட்டுக் குழந்தைகள் இரண்டு, கார்ப்பரேஷன் கொசு மருந்து வண்டி என்று நினைத்து முதல் நாள் பின்னாலேயே ஓடிவந்தன. எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகை அடங்கும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. புகையை ஒரு தரம் முகர்ந்தார். "ரிங் போயிருச்சுங் சார். இன்ஜின இறக்கிரலாம்" என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு இதே மாதிரி இன்னொரு காரே கிடைக்கும், ஸ்டெப்னியோடு.

எனக்கு ஒரு சந்தேகம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகைய வேண்டுமே? இந்த வண்டி கோத்தகிரி ஏற்றத்தில் யோக்கியனாக ஏறும். காலையில் முதல் ஒரு நிமிஷம் புகையும். அப்புறம் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து நெடுந்தூரம் உருளவிட்டு, சமதளம் வந்ததும் மறுபடி மிதித்தால் புகையும். இது வால்வு சீலின் வேலை. வால்வின் தண்டு ஒரு குழாய்க்குள் மேலும் கீழும் போய்வருகிறது. மேல்மாடியில் ராக்கரெல்லாம் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணெய் தண்டைப் பிடித்துக்கொண்டு கீழே வழியாமலிருக்க, குழாயின் தலையில் ஒரு ரப்பர் குல்லா மாட்டியிருப்பார்கள். வண்டி 3000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தரம் அந்தக் குல்லாவை உரசிக்கொண்டு போய்வரும். வருஷக்கணக்கில் வெந்து ரப்பர் இறுகிவிட்டால், ராத்திரியெல்லாம் எண்ணெய் சொட்டி, காலையில் எதிர்வீட்டுப் பெரியவரின் மூக்குக்குப் போகிறது. இறக்கத்தில் இன்ஜினே உறிஞ்சிக்கொள்கிறது. சிலிண்டர் மூன்று, வால்வு ஆறு, குல்லாவும் ஆறு. ஆறும் சேர்ந்து ஒரு ஓட்டல் சாப்பாட்டு விலைகூட இல்லை.

கோயம்புத்தூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டித்தான் தொழில் கற்றார் என்று சின்ன வயசிலேயே காதில் போட்டுவிடுகிறார்கள். அதில் பிரித்த பாகம் மட்டும் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

மனைவி பொள்ளாச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை. டேப்பெட் கவரைக் கழற்றி, ராக்கர் ஷாஃப்டை உருவி வைத்தேன். சீலை எடுக்க ஸ்பிரிங்கை எடுக்க வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்தால் வால்வைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை, நேரே சிலிண்டருக்குள் விழுந்துவிடும். விழுந்தால் ஹெட்டைக் கழற்றாமல் வெளியே வராது. ஏர் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் பிளக் துவாரம் வழியாகக் காற்றடித்து வால்வை நிறுத்துவார்கள். இல்லாதவர்களுக்குக் கயிறு. பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துவாரத்தில் நைலான் கயிற்றைத் திணித்து, நுனியை வெளியே விட்டுவிட்டு, கிராங்கைக் கையால் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றுப் பொதியை வால்வின் அடியில் அண்டைகொடுத்துவிடும். பிரமாதமான யோசனை. வீட்டில் நைலான் கயிறு ஒன்றுதான் இருந்தது. அதில் அப்போது நான்கு துணி காய்ந்துகொண்டிருந்தது.

துணிகளை நாற்காலிக்கு மாற்றினேன். மூன்று மீட்டர் போல கொடிக்கயிறு சிலிண்டருக்குள் போயிற்று. ஸ்பானரைப் போட்டுத் திருப்ப, 'கும்' என்று ஓரிடத்தில் நின்றது. ஸ்பிரிங் கம்ப்ரஸரை மாட்டி அமுக்கினேன். வால்வு தண்டை ஸ்பிரிங் தட்டோடு பிடித்து வைத்திருப்பது இரண்டு லாக். சின்னக் குழாயொன்றை நெடுக்காகப் பிளந்த மாதிரி, உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைக் காந்தத்தால் எடுத்ததும் ஸ்பிரிங் வந்தது, அடியில் சீல். இடுக்கியால் திருகி இழுத்தேன். கையில் வந்தது ரப்பரே அல்ல, போன வருஷத்துச் சுண்டைக்காய் வத்தல். விரலால் நசுக்கினால் 'மொடுக்' என்று உடைந்து தூளாயிற்று. உதடு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை மட்டும்தான் இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று விட்டேன்.

புது சீலுக்கு எண்ணெய் தடவி, சாக்கெட்டை மேலே வைத்துக் கையால் அமுக்க, சமர்த்தாக உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது வால்வில் கம்ப்ரஸர் லேசாக வழுக்கியது. 'டிங்' என்று ஒரு சத்தம்.

ஆறு வால்வுக்கு லாக் பன்னிரண்டு. தட்டில் எண்ணினேன், வண்டியில் மாட்டியதை எண்ணினேன், பதினொன்று. ஹெட்டில் எண்ணெய் கீழே இறங்கும் துவாரங்களைத் துணியால் அடைக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். அடைத்துத்தான் இருந்தேன், ஒன்றைத் தவிர. பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்து வாசலெல்லாம் பெருக்கினேன். இரண்டு குண்டூசியும் ஒரு செருப்பு ஆணியும் கிடைத்தன. பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட் வரைக்கும் வந்தார். "என்ன தம்பி, தொலைஞ்சுதா?" அத்தனை மாசத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. அவரும் குனிந்து தேடினார். கடைசியில் ஆயில் முழுவதையும் இறக்கி, சமையலறை டீ வடிகட்டியில் வடித்தேன். கறுப்பாக, வழவழவென்று, ஒன்றுமில்லாமல் போயிற்று. இன்ஜினை இறக்க வேண்டியதுதான் என்று மெக்கானிக்கின் முகம் ஞாபகம் வர, எழுந்து லுங்கியை அவிழ்த்துக் கட்டினேன். மடிப்பிலிருந்து விழுந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. "டீ குடிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

டேப்பெட் கேப் சரிபார்த்து, புது ஆயில் ஊற்றி முடிக்க இருட்டிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணி. சாவியைத் திருகினேன். பெரியவர் பழக்கதோஷத்தில் துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு தோளில் போட்டுக்கொண்டார்.

மனைவி செவ்வாய்க்கிழமை வந்தாள். கயிற்றைத் துடைத்து அதே இடத்தில் கட்டியிருந்தேன், துணியும் போட்டிருந்தேன். பையனின் வெள்ளை யூனிஃபார்மை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குறுக்காக, ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி, ஒரு கறுப்புக் கோடு.

"ஏனுங்க, இது என்னங்க?"

சாயங்காலமே கயிற்றுக் கடைக்குப் போனேன். வடிகட்டியும் வாங்க வேண்டியிருந்தது. "எதுக்குங்க, கெணத்துக்கா, கொடிக்கா?" என்றார் கடைக்காரர். கொடிக்கு என்று சொல்லி, மூன்று மீட்டர் சேர்த்தே வெட்டச் சொன்னேன்.